புளி போட்டுத் தேய்த்த காசுகள்

நாணய வியாபாரம் என்பது, ஆசையோடு பொருளை நீட்டுகிறவர் முகம் வாடுவதை எதிரிலேயே உட்கார்ந்து பார்க்கிற தொழில். கண்காட்சிகளில் மேஜை போட்டு, லென்ஸைப் பிடித்துப் பிடித்துக் கண் பூத்துப்போன சக பாவிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் கண்காட்சி. முந்தின நாள் முகூர்த்தத்தின் சாம்பார் வாசனை இன்னும் போகாத ஹாலில், வாழைமரம் கட்டியிருந்த தூணுக்குப் பக்கத்தில் எனக்கு இடம். அங்கே பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

டப்பா வந்தது

தனபால் என் பழைய வாடிக்கையாளர். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். ஓவர்டைம் பணம் கைக்கு வந்தால் நேராக என்னிடம் வந்துவிடுவார். தரங்கம்பாடி டேனிஷ் காசு, கம்பெனி காலத்துச் செப்புக் காசு, விக்டோரியா வெள்ளி ரூபாய் என்று பார்த்துப் பார்த்துத்தான் வாங்குவார். மனைவி மலர்க்கொடி சண்டை போடும்போதெல்லாம், "இதுதாண்டி பொண்ணு படிப்பு" என்பாராம். தை மாதம் மாரடைப்பில் போய்விட்டார். பெண்ணுக்கு நர்சிங் கடைசி வருஷம், பீஸ் கட்டியாக வேண்டும். மலர்க்கொடி போன் செய்தபோது, "கண்காட்சிக்கு எடுத்துட்டு வாங்க தங்கச்சி, நல்ல விலைக்குப் போகும்" என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

சனிக்கிழமை காலை அவர் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். எனக்குக் கண் கூசியது. பழைய காசுக்கு அந்தக் கறுத்த நிறம்தான் உயிர்; அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் சேகரிப்பவன் எவனும் சீந்தமாட்டான் என்பது நமக்குத் தெரியும், வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? காசுகளை அவர் போட்டு வைத்திருந்த அட்டை உறைகளைப் பிரித்து, செம்புக்குப் புளியும் வெள்ளிக்கு விபூதியுமாக, ஒவ்வொன்றாகத் தேய்த்திருந்தார். செப்புக் காசெல்லாம் புதுக் குடம் மாதிரி சிவந்து கிடந்தது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துப் பிரிக்க வராத இரண்டு உறைகள் மட்டும் தப்பியிருந்தன. போனில் என்னென்னவோ சொன்ன நான், 'கழுவாதீங்க' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. மலர்க்கொடி முகத்திலோ அவ்வளவு பெருமை.

"பூஜைச் சாமான் தேய்க்கிற மாதிரியே தேச்சேண்ணே. அவரு பொருளு, நாலு பேரு பாக்கறப்ப அழுக்கா இருக்கலாமா?"

டிராக்டர் நோட்டு

தனபாலின் காசுகளை ஒரு தட்டில் பரப்பி, வெளிச்சம் குறைந்த பக்கமாகத் தள்ளி வைத்தேன். முதலில் வந்தவர் லால்குடிக்காரர். சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் இன்னொரு கவர், அதற்குள் டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு. இதற்குப் பல லட்சம் தருவார்கள் என்று யூடியூபில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஐந்து ரூபாய் நோட்டு ஐந்து ரூபாய்க்குத்தான் போகும் என்று நானும் பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நான் அமுக்கப் பார்க்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். கோபத்தை எதன்மேல் காட்டுவது என்று தேடியவர், தட்டிலிருந்து ஒரு விக்டோரியா ராணியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நேத்து அரியமங்கலம் பட்டறையில அடிச்ச காசை வெச்சுக்கிட்டு என் நோட்டைக் குறை சொல்றீங்களா?"

ஓரத்தைப் பிடிங்க

மத்தியானம் கைலாசபுரத்திலிருந்து தாமோதரன் சார் வந்தார். அங்கே பாய்லர் ஆலையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். தனபாலிடம் இருந்த டேனிஷ் காசு ஒன்றின் மேல் அவருக்குப் பல வருஷக் கண். டப்பாவை மொத்தமாகவே எடுத்துக்கொள்ளக்கூடிய வசதியும் மனசும் உள்ளவர். அவரை நம்பித்தான் நான் மலர்க்கொடிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த டேனிஷ் காசை லென்ஸுக்கு அடியில் வைத்துக் குனிந்தார். பரப்பு முழுக்கத் தேய்த்த கீறல். நிமிர்ந்தபோது, தனபால் செத்த சேதியை அப்போதுதான் கேட்டவர் மாதிரி இருந்தார். உறை பிரிக்காத இரண்டையும் எடுத்துக்கொண்டார். பழக்க தோஷத்தில் கொஞ்சம் பேரம் பேசினார், பிறகு வெட்கப்பட்டு நான் கேட்டதையே கொடுத்தார். மற்றதையெல்லாம் தட்டோடு என் பக்கம் நகர்த்திவிட்டுத் தனபாலை நினைத்துச் சொன்னார்:

"தொட விடமாட்டாரே சார் மனுஷன்! 'ஓரத்தைப் பிடிங்க, விரல் ரேகை படும்'னு என் கையைத் தட்டிவிடுவாரு."

பளபளப்புக்கு ஒரு ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் உத்தர வீதிப் பெரியவர் ஒருவர் வந்தார். நெற்றி நிறையத் திருமண், கையில் துளசி. கோயிலில் சேவித்துவிட்டு நேராக வந்திருந்தார். வீட்டில் இருக்கும் பெருமாளுக்கு நூற்றியெட்டு பழைய காசு வைத்து அர்ச்சனை செய்ய ஆசையாம். தனபாலின் தட்டைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அடியேனுக்கு ராஜா யாரு, வருஷம் என்னங்கறதெல்லாம் வேண்டாம் ஸ்வாமி. மங்களமா மின்னணும், அவ்வளவுதான்" என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எண்ணிக்கை குறைந்தால் நானே தேடித் தருவதாகச் சொல்லி, காசுகளைத் துணியில் பரப்பிக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டப் புரட்ட முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரே மாதிரி இரண்டு காசு இருக்கக் கூடாது என்றுதானே தனபால் அத்தனை வருஷம் அலைந்து வாங்கினார். பெரியவர் துணியை மெதுவாக மூடினார்.

"திவ்யமா தேய்ச்சு வெச்சிருக்கேள், ஆனா ஒண்ணுக்கொண்ணு ஜோடி சேரலையே ஸ்வாமி!"

டப்பா திரும்பியது

சாயங்காலம் மேஜைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த கல்யாணத்துக்கு நாற்காலிகள் வந்து இறங்கின. மலர்க்கொடி வந்து எதிரே உட்கார்ந்தார். தாமோதரன் சார் தந்ததைக் கையில் கொடுத்து, இரண்டுதான் போனது என்றேன். எந்த இரண்டு என்று கேட்டார், சொன்னேன். "அந்த அழுக்கு ரெண்டா? பிரிக்க வரலைன்னு அப்படியே விட்டுட்டேனே. அதைப் போயி யாருண்ணே வாங்கினா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பீஸுக்கு என் வளையலை அடகு வெச்சுக்குவேன், அது இல்ல கவலை. இதுதான் பொண்ணு படிப்புன்னு அவரு சொன்னது சும்மாத்தானா?" என்று கேட்டார்.

சக பாவிகளே, நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? காசு தேறாது என்றால், தனபால் பெண்டாட்டியிடம் காலமெல்லாம் பொய் சொன்னவர் ஆகிவிடுகிறார். உள்ளதைச் சொன்னால், அவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததை இந்த அம்மாவே ஒரு மத்தியானத்தில் தேய்த்து அழித்துவிட்டார் என்று ஆகிறது. அதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் திராணி இல்லை.

"அவர் வாங்கினதுல ஒண்ணுகூட சோடை இல்ல தங்கச்சி. அவ்வளவும் நல்ல காசு. எனக்குத்தான் விக்கத் தெரியல" என்றேன். மலர்க்கொடியின் முகம் தெளிந்தது. டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அவரும் அதையேதாண்ணே சொல்லுவாரு, 'நல்ல மனுஷன், வியாபாரம்தான் தெரியாது'ன்னு. விடுங்க, அடுத்த தடவை எலுமிச்சம்பழம் போட்டு இன்னும் பளிச்சுனு தேச்சுத் தரேன்."

ஆக, அந்த இரண்டு நாளில் என் மேஜையில் விலைபோனது இரண்டு காசும் ஒரு பொய்யும்தான், அதிலும் பொய்தான் பேரமே இல்லாமல் போனது.