கடையநல்லூர் கிளையின் சிவப்புத் தூண்

எங்கள் ஜவுளிக்கடைக்குப் புதிதாக ஒரு மென்பொருள் வந்தது. சங்கரன்கோவிலில் பெரிய கடை, கடையநல்லூரில் ஒரு கிளை. இரண்டின் கணக்கையும் வகைவகையாகப் பிரித்து, வண்ணத் தூண்களாகத் திரையில் நிறுத்திவிடும். பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று மோப்பம் பிடிக்கிற புத்தி எனக்கு உண்டு. கணக்கு எழுதும் வேலைக்கு வந்ததுகூட அந்தப் புத்தியால்தானோ என்னவோ. ஒரு தூணைத் தொட்டால் அதற்குள் நாலைந்து சின்ன வகைகள் விரியும். அதில் ஒன்றைத் தொட்டால் அன்றைய பில்லே வந்து நிற்கும். சாப்பிடும்போதுகூட ஒரு கையால் தொட்டுக்கொண்டிருந்தேன்.

முதலாளி அண்ணாச்சி பார்த்தது ஒரே ஒரு தூணைத்தான். கடையநல்லூர் கிளையின் நஷ்டம் சிவப்பாக ஓங்கி நின்றது.

“பாத்தியாம்மா? இந்த மாசத்தோட அதப் பூட்டிருவோம்,” என்றார்.

அந்தக் கிளையை நடத்துவது ஒரு அக்கா. அவர் சம்பளத்தில்தான் வீட்டு வாடகையும் மகளின் காலேஜ் பீஸும். கிளையைப் பூட்டினால் அவர் கதி என்ன என்று கவலைப்பட்டேன். ஆனாலும் அந்தச் சிவப்புக்குள் என்னதான் இருக்கிறது என்கிற ஆவல், கவலையைவிடப் பெரிதாக இருந்தது.

தொட்டேன். ‘திரும்பி வந்த சரக்கு’ என்று ஒரே வகைதான் விரிந்தது. பில்களைத் திறந்தேன். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டுச் சேலை போயிருக்கிறது. ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மறுநாளே திரும்பியிருக்கிறது. அடுத்த வீட்டிலும் இதே கதை. எங்கள் பெரிய கடையில் சேலை திரும்பி வந்தால் கிழிசல், இல்லையென்றால் சாயம் போனது. அதனால் மென்பொருளைப் பொருத்த வந்தவர் கேட்டபோது அண்ணாச்சி, “திரும்பி வந்தா நஷ்டந்தான்” என்று சொல்லியிருந்தார். அவரும் அப்படியே வகை போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். கேட்டதும் சிரித்துவிட்டார்.

“ஏட்டி, இங்கன பொம்பளையாளுக கடைக்கு வந்தா சேலை எடுக்காக? கட்டா வீட்டுக்கு அனுப்புதேன். துபாய்ல இருந்து வீட்டுக்காரரு வீடியோ கால்ல பாப்பாரு. அவருக்குப் பிடிச்சத வச்சிக்கிட்டு மிச்சத்த அனுப்பிருவாக. கட்டு வெளிய போவும்போதே பில்லு போட்டாத்தான சரக்குக்குக் கணக்கு இருக்கும்? திரும்பி வாற சேலையில ஒரு மடிப்புக் கலையாது. அதையே வேற வீட்டுக்கு வித்துருவேன்.”

கடை பூட்டப்போகிற சங்கதியைப் பற்றி அவரிடம் நான் வாய்திறக்கவில்லை. ‘பார்வைக்குப் போனது’ என்று புது வகை ஒன்றை உண்டாக்கி, அந்தப் பில்களை எல்லாம் அதற்கு மாற்றினேன். அண்ணாச்சியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டி, அக்கா சொன்னதையும் சொன்னேன். சிவப்புத் தூண் தரையோடு ஒட்டிக் கிடந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“அப்பம் சரி, அது ஓடட்டும்,” என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் இப்போது அண்ணாச்சிக்கும் ஆவல் பிடித்துக்கொண்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரிய கடையின் செலவுத் தூணைத் தானே தொட்டார். சம்பளம் விரிந்தது. அதற்குள் விற்பனை, தையல், காவல், கணக்கு. ‘கணக்கு’ என்பதைத் தொட்டார். ஒரே ஒரு பெயர்தான் வந்தது, என் பெயர்.

அண்ணாச்சி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இந்தப் பெட்டியே இம்புட்டும் சொல்லுதே, இல்லியாம்மா?” என்றார்.