அம்மா தோலுரித்த மதியம்

பட்டுப்புழு தழை தின்னும் சத்தம் தகரக் கூரையில் தூறல் விழுவது போலவே இருக்கும். பாலக்கோடு பக்கம் எங்கள் வீட்டை ஒட்டியிருந்த புழு ஷெட்டில் அந்தத் தூறல் ராப்பகலாக ஓயாது. புழுக்களுக்கு மல்பெரித் தழை வெட்டிப் போட அம்மா ஒருத்திதான். அப்பாவுக்கு பெங்களூரில் கட்டட வேலை. மாடு, சமையல், படுக்கையில் கிடந்த தாத்தா, போதாததற்கு நான். மாட்டையாவது கட்டிப்போடலாம் என்று என்னைப் பற்றி அத்தை சொல்வாள். அத்தை அப்பாவின் அக்கா, பக்கத்து வீடு. அவள் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

ஒரு தடவை புழு வளர்ந்துகொண்டிருந்தபோது ஒருநாள் அம்மா போனில் அப்பாவிடம், "என்னால முடியலைங்க" என்றாள். அழாமல், தழை தீர்ந்துவிட்டது என்பது மாதிரி சொன்னாள். அதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு விளையாடப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் தூறல் நின்றுவிட்டது. புழுக்கள் தோலுரிக்கப் போகின்றன என்று அர்த்தம். தலையைத் தூக்கி அப்படியே அசையாமல் நிற்கும். அப்போது தழை போடக் கூடாது. சுண்ணாம்புத் தூள் மட்டும் தூவ வேண்டும். தொடவே கூடாது. தொட்டால் தோல் பாதியில் ஒட்டிக்கொண்டு புழு செத்துவிடும். என் விரலின் குணம் தெரிந்து அம்மா இதை என் காதைத் திருகியபடி சொல்லிக் கொடுத்திருந்தாள்.

நான் ஷெட்டை எட்டிப் பார்த்தேன். உள்ளே மங்கல் வெளிச்சம். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். முடியும் புருவமும் சுண்ணாம்பில் வெளுத்திருந்தன. தலை சற்றுத் தூக்கியிருக்க, கண் திறந்தே இருந்தது.

"அம்மா."

இமைகூட ஆடவில்லை. சுற்றிலும் தட்டுத் தட்டாக ஆயிரமாயிரம் தலைகள் அதே சாய்வில் தூக்கி நின்றன. அவளுக்குப் பின்னால், தழை வெட்டும்போது சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளும் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை தொங்கியது. சட்டைக்குள் ஆள் இல்லை. ஆனால் முழங்கை மடிந்தே இருந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு தோல் கழன்றாயிற்று.

புத்தியுள்ள பிள்ளை அலறியிருப்பான். நான் படித்தவன், இரண்டாம் வகுப்பு. யாராவது தொட்டால் அம்மா செத்துவிடுவாள் என்று வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் போன் அடித்து ஓய்ந்தது. தாத்தா தண்ணீர் கேட்டார். ஓடிப்போய்க் கொடுத்தேன், பாதி அவர் வாய்க்குப் போயிருக்கும். மாடு கத்தியது.

அத்தை வந்துவிட்டாள்.

"ஏன்டா, மாடு கத்துது, போனு கத்துது, உங்கம்மா எங்கடா போய்த் தொலைஞ்சா?"

"உள்ள போவாத அத்தை. தோல் உரிக்குது."

"புழுதான உரிக்குது? அதுக்கு நீ என்னாடா காவலு?"

"புழு இல்ல அத்தை, அம்மா."

கடகடவென்று சிரித்தவள் என்னை நகர்த்திவிட்டு எட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, "தொட்டியாடா?" என்றாள். அவளுக்கு அத்தனை சன்னமான குரல் உண்டென்று அன்றுதான் தெரியும்.

"இல்ல."

"தொடாத."

என் பக்கத்தில் குந்திக்கொண்டாள். அதுவரை பாதிதான் நம்பியிருந்தேன். அப்போதுதான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

இப்போதெல்லாம் வேலை கழுத்தை நெரிக்கிற நாளில் நானும் ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள் அசையாமல் உட்கார்ந்திருப்பதுண்டு. வாட்ச்மேன் கண்ணாடியைத் தட்டிவிடுவார். பாவம், அவர் புழு வளர்த்ததில்லை.

வெயில் சாய்ந்தபோது அம்மா தானே வெளியே வந்தாள். அதற்குள் அத்தை மாட்டுக்குத் தீனி போட்டு, தாத்தாவுக்குச் சட்டை மாற்றி, அடுப்பும் மூட்டியிருந்தாள். அம்மாவை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தேன். அதே முகம். வளர்ந்த மாதிரியும் தெரியவில்லை.

"வலிச்சுதாம்மா?"

"எதுடா?"

"தோல் உரிஞ்சது."

அம்மா அத்தையைப் பார்த்தாள். அத்தை அடுப்பைப் பார்த்தாள்.

"இல்ல கண்ணு. நான் பாட்டுக்கு சும்மா குந்திட்டேன். எல்லாம் என்னா ஆவுமோன்னு பயமாத்தான் இருந்துச்சு." ஷெட், மாடு, வீடு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள். "ஒண்ணும் ஆவல" என்று சிரித்தாள்.

அவ்வளவு நேரம் காவல் காத்தவனுக்குப் பெரிய ஏமாற்றம். ஒன்றும் ஆகாததற்கு ஒருத்தி ஏன் இப்படிச் சிரிக்கிறாள் என்றுதான் விளங்கவில்லை.