தண்ணீர் நடந்து வரும் ஊரில்

இரண்டு மாதத்துக்கு முன் கிளிநொச்சி ஸ்டேசனில் நான் ஓடினேன். ஓடியது ஒரு றெயில் பெட்டி நீளம்தான்.

மகள் மங்கையை யாழ்ப்பாணத்து விடுதிக்கு அனுப்பப் போயிருந்தோம். எச்.எஸ்.சி. கடைசி வருடம். வண்டி வந்து நின்றுவிட்டது. அவளுடைய தகரப் பெட்டி என் கையில். ஓடினேன்... நெஞ்சை உள்ளேயிருந்து யாரோ முறுக்கினார்கள். இடது கை மரத்தது. கண் திறந்தபோது மங்கையின் முகம் என் முகத்துக்கு மேலே. வண்டி போய்விட்டிருந்தது. அவள் ஏறவில்லை.

இதை எழுதும்போதும் இடையிடையே அந்தக் கையை மடக்கிப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர், இது எச்சரிக்கை என்றார். யாழ்ப்பாணத்தில் என்ன வேலை செய்தேன் என்று விசாரித்தார். பகலில் படிப்பித்தல், விடியக் காலமை புகையிலைத் தோட்டத்துக்குத் துலா மிதித்தல் என்றேன். தண்ணீர் கிணற்றை விட்டு மேலே வர, துலாவில் முன்னும் பின்னும் நடந்தபடியே இருக்க வேண்டும். இங்கே? மண்வெட்டியால் வாய்க்கால் வரம்பை ஒரு கொத்து வெட்டிவிட்டால் வயல் தானே நிறையும். உழவுக்கு டிராக்டர். நான் மர நிழலில் கதிரை போட்டு, சுருட்டும் கையுமாய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"அங்க நீங்கள் தண்ணிக்காக நடந்தியள்," என்றார் டாக்டர். "இங்க தண்ணி நடந்து வருது, நீங்கள் இருக்கிறியள்."

கூடின உடம்பு முழுவதுக்கும் அதே பழைய இதயம்தான் இரத்தம் அனுப்ப வேண்டுமாம். சுருட்டு அதன் வழியை இறுக்குமாம். பொரியலைக் குறை, உப்பைக் குறை, நட — ஆனால் ஓடாதே.

நான் பெருத்ததை ஏன் ஒருவரும் கவனிக்கவில்லை? கவனித்தார்கள் — சந்தோசப்பட்டார்கள்! நாங்கள் குடியேற இந்த வன்னிக்கு வெளிக்கிட்டபோது, மலேரியா எங்களைத் தின்றுவிடும் என்று அழுத யாழ்ப்பாணத்துச் சனம் அது. ஊருக்குப் போகும்போதெல்லாம் முதலில் என் கன்னத்தைத்தான் பார்க்கும். கன்னம் உப்பியிருந்தால், வன்னித் தண்ணி ஒத்துப்போச்சு என்று ஆறுதல். அந்தப் பாராட்டு ஒவ்வொன்றுக்கும் என் மனைவி ஒரு அகப்பை சோறு கூட்டினாள். நானும் பெருமையோடு சட்டைகளை அகட்டித் தைப்பித்தேன். காய்ச்சலுக்குப் பயந்து கொழுப்புக்குக் கதவு திறந்துவிட்டோம்.

ஆனால் என்னை எழுப்பியது டாக்டர் அல்ல. வீட்டுக்கு வந்த அன்று மங்கை தகரப் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

"நான் போகேல்லை ஐயா. நீங்கள் திரும்ப விழுந்தால் அம்மா தனிய என்ன செய்வா?"

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது: மாத முடிவுக்குள் வராவிட்டால் இடம் இல்லை. என் வயிறு ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்துவதா?

சுருட்டுப் பெட்டியை அவளிடமே கொடுத்தேன். டாக்டர் சரி என்ற நாளிலிருந்து வாய்க்கால் கரையில் நடந்தேன். முதல் நாள், முதல் மதகோடு குந்திவிட்டேன். அடுத்த கிழமை இரண்டாவது மதகு. சைக்கிளில் போகிறவர்கள் எல்லாம் இறங்கி, ஏறுங்கோ மாஸ்டர் என்று இரக்கப்பட்டார்கள். ஒருவர் காய்ச்சலோ என்று கேட்டார். பொரித்த மிளகாய் இல்லாத என் சோற்றுக் கோப்பையைப் பார்த்து மனைவி மூன்று நாள் மூக்கைச் சிந்தினாள். நான் விடவில்லை.

நிறை பார்க்க எங்கே போவது? ஹனீபா நானாவின் நெல்லுக் கடையில் மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறது. ஏறி நின்றேன்.

"நாலு புசல் நெல்லுக்கு மேல நிக்குது மாஸ்டர்," என்றார் நானா. "பதர் கழிக்கவோ?"

கழிக்கத்தானே வந்தேன்! கிழமைக்கொருக்காய்ப் போனேன். முள் இறங்கத் தொடங்கியது.

மாத முடிவுக்கு நாலு நாள் இருக்க, மங்கை பெட்டியை வெளியே இழுத்தாள். ஒரு நிபந்தனை: கிழமைதோறும் என் நிறை அவளுக்கு வர வேண்டும், அதுவும் நானாவின் கையெழுத்தில்.

"உங்கட கையெழுத்தை நம்பேலாது ஐயா."

இந்த முறை அரை மணி முந்தியே ஸ்டேசனுக்குப் போனோம். பெட்டியை அவளே தூக்கினாள். வண்டி அசைந்தபோது நான் பக்கத்தில் நடந்தேன் — பிளாட்போம் முடியும் வரை. அவள் என் காலையே பார்த்துக்கொண்டு போனாள்.

இன்று நானா எழுதிய முதல் துண்டு என் கைக்கு வந்தது. நிறைக்குக் கீழே நானா தன்பாட்டில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "பதர் குறையுது. சாமான் நல்லம்."

இதை மங்கைக்குத் தபாலில் போட வேண்டும். தபாற்கந்தோர் இரண்டு மைல். சைக்கிள் வீட்டில் நிற்கட்டும்.