வியாழக்கிழமை அளந்த சந்து

'ஞாயிறு. சர்ச்சில் காலைப் பூசை முடிந்து திரும்பும்போது பின்சந்துச் சுவரில் நோட்டீஸ். பசை இன்னும் ஈரம். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும். ஆட்சேபம் இருந்தால் மாதக் கடைசிக்குள் எழுதித் தர வேண்டுமாம்.'

என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. எதையும் கிழமை போட்டு எழுதிவைக்கும் என் வியாதிதான் உங்களுக்குப் பழக்கமாயிற்றே!

நோட்டீஸை ஒட்டியது விவேக் நகரில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு அயோடின் கொடுக்க ஒரு வார்டு திறக்கப் போகிறார்கள். அந்த மருந்தைக் குடித்தவர் தொட்ட தட்டு, டம்ளர், படுக்கை விரிப்பு – எல்லாமே கொஞ்ச நாளைக்குக் கதிர்வீச்சுக் கழிவுதான். குப்பை லாரியில் ஏற்ற முடியாது. தனி அறையில் பூட்டி வைக்க வேண்டும். எட்டு நாளுக்கு ஒரு முறை வீரியம் பாதியாகும். சில மாதம் போனால் சாதாரணக் குப்பை.

அந்த அறை எங்கள் பின்சந்தை ஒட்டி வருகிறது. சுவருக்கு வெளியே நிற்கும் ஒருவர் மேல் ஆண்டுக்கு இவ்வளவு கதிர்வீச்சுக்கு மேல் படக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. நோட்டீஸ் ஆட்சேபம் கேட்டது அதைப் பற்றித்தான்.

சட்டப்படி இப்படி ஒரு நோட்டீஸ் கட்டாயமா? தேடிப் பார்த்தேன், தெளிவாகவில்லை. கட்டாயம் இல்லாமலே ஒட்டியிருந்தால் நல்ல விஷயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்...

நான் இதையெல்லாம் படித்து முடிப்பதற்குள் எங்கள் வாட்ஸ்அப் குழு அந்த அறைக்கு 'அணுக்கழிவுக் கிடங்கு' என்று பெயர் சூட்டிவிட்டது. திங்கட்கிழமை மண்டை ஓட்டுப் படம். செவ்வாய்க்கிழமை, உலகத்தின் எந்த மூலையிலோ எரியும் கட்டடத்தின் வீடியோ. புதன்கிழமை கேட்டில் பேனர்.

பயப்படுவது தப்பா? இல்லவே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காட்டி, 'கணக்குப் போட்டுவிட்டோம், பயம் வேண்டாம்' என்று ஒருவர் சொன்னால், அந்தக் கணக்கைக் காட்டு என்று கேட்பதுதான் மரியாதை. ஆனால் கணக்கைக் கேட்க வேண்டுமே! எங்களுக்குக் கோஷம் போடத்தான் நேரம் இருந்தது.

சனிக்கிழமை மாலை பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். ஆஸ்பத்திரி தரப்பில் வந்தவர் அவர்களுடைய கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி தாரிணி. திருச்சிப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. கையில் சுருட்டிய வரைபடம். எங்கள் தரப்பில் சங்கச் செயலாளர் பிரபாகர். சேலத்துக்காரர், சாப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். பவர் பாயின்ட் இல்லாமல் அவருக்கு எதிர்க்கவும் வராது.

"எங்க டிமாண்ட் ஒண்ணே ஒண்ணுதான் மேடம். ஜீரோ ரேடியேஷன்."

கைதட்டல்.

"ஜீரோன்னு ஒண்ணு கிடையாது சார்" என்றார் தாரிணி. "நீங்க உட்கார்ந்திருக்கிற கிரானைட் தரையில கொஞ்சம் இருக்கு. வாழைப்பழத்துலகூட இருக்கு..."

"அப்ப எங்களை வாழைப்பழம்ங்கிறீங்களா?"

ஹால் அதிர்ந்தது. அதற்குப் பிறகு ஒழுங்காக எதுவும் பேச முடியவில்லை. ஒருவர் மொபைல் டவரைப் பற்றி ஆரம்பித்தார். இன்னொருவர் பிளாட் விலை இறங்கிவிடும் என்றார். ஒரு பெரியவர் எழுந்து, தன் வீட்டு வாசலில் சாக்கடை மூடி உடைந்து கிடப்பதை விரிவாக விளக்கினார். அதற்கும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ரோசலி எழுந்தார்.

ரோசலி பின்சந்தில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். வண்டியின் முதுகு ஆஸ்பத்திரிச் சுவரோடு ஒட்டியிருக்கும் – நிழல் அங்கேதான். காலையில் பெட்டியில் கரி போட்டால் பொழுது சாயும்வரை அந்த இடம்தான். கணவர் இல்லை. அந்த வண்டியை வைத்துத்தான் மகளை நர்சிங் படிக்க வைக்கிறார். எங்கள் சட்டைகளில் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை.

"மேடம், ஒரு டவுட்டு. அந்தச் சந்துல போறவங்க வர்றவங்க மேல ஒண்ணும் படாதுன்னீங்க. நான் போறவளும் இல்ல, வர்றவளும் இல்ல. நின்னுக்கினே இருக்கிறவ. எனக்கு இன்னா கணக்கு?"

தாரிணி வரைபடத்தை விரித்தார். அதில் எங்கள் சந்து 'நடைபாதை' என்று குறிக்கப்பட்டிருந்தது. நடைபாதை என்றால் ஒருவர் அங்கே கொஞ்ச நேரம்தான் இருப்பார் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்களாம். நாள் முழுக்க ஒருவர் நிற்கும் இடமென்றால் கணக்கு வேறு. சுவர் அதற்கேற்பத் தடிமனாக இருக்க வேண்டும்.

"ஆனா அங்க யாரும் நிக்கலையேக்கா... நானே நேர்ல வந்து பார்த்தேன். காலையிலேர்ந்து ஜனங்க நடந்துக்கிட்டேதான் இருந்தாங்க."

"என்னிக்கு வந்தீங்க?"

"வியாழக்கிழமை."

மொத்த ஹாலும் சிரித்தது. வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும்: வியாழக்கிழமை எங்கள் சர்ச்சில் நவநாள் வழிபாடு. விடிந்ததிலிருந்து கூட்டம். பின்சந்து முழுக்க ஸ்கூட்டரும் மெழுகுவர்த்திக் கூடைகளும்தான். அன்றைக்கு மட்டும் ரோசலி வண்டியைத் தன் வீட்டோரம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிடுவார். விவேக் நகரில் இது எல்லோருக்கும் தெரியும். திருச்சியிலிருந்து வந்த பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

"வியாழக்கிழமை வந்து பார்த்துட்டு ரோசிக்கா இல்லன்னா எப்படி மேடம்?" என்று யாரோ கத்தினார்கள். "அன்னிக்கு யேசுவே வந்தாலும் சந்துல நிக்க இடம் கிடைக்காது!"

தாரிணி சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார். "தப்புதான்க்கா. மறுபடி கணக்குப் போடணும். உள்பக்கம் ஈயத் தகடு அடிக்கணும், இல்லன்னா சுவரைத் தடிமனாக்கணும். எழுதிக்கிறேன்."

எழுதிக்கொண்டார். நான் பார்த்தேன். அந்த மாலையில் அங்கே எழுந்த ஒரே உருப்படியான ஆட்சேபம் அதுதான். ஒரு நிமிடம் நம்பிக்கைகூட வந்தது.

பிரபாகர் மைக்கை வாங்கினார். "ரோசிக்கா, உங்க விஷயம் தனி. அதை அப்புறம் பார்த்துக்கலாம். இப்ப மெயின் பாயின்ட் ஜீரோ." தீர்மானம் போட்டோம். ஜீரோ. ஏகமனதாக.

மறுநாளே அடுத்த கூத்து. தேய்க்கத் துணி வாங்க வந்த ரோசலியை இரண்டாம் மாடியில் கதவுச் சங்கிலியைக்கூடக் கழற்றாமல் நிற்கவைத்தார்கள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. நாள் பூரா அந்தச் சுவரண்டதான் நிக்கிறேன்னு நீங்களே சொன்னீங்க. வீட்ல குழந்தை இருக்கு..."

ரோசலி என்னிடம் வந்து கேட்டார். "இன்னா சார் இது? நான் இன்னா துணியை நீலத்துல முக்கற மாதிரி ரேடியேஷன்ல முக்கியா எடுக்கிறேன்? சும்னே பேசறாங்க சார்."

தாரிணிக்கு போன் போட்டேன். "அந்த அறையில இன்னும் ஒண்ணுமே வைக்கல சார். வார்டே திறக்கலையே!" என்றார். அதை அப்படியே குழுவில் போட்டேன். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். யாரும் துணி கொடுக்கவில்லை.

மாதம் முடிந்து, ஆஸ்பத்திரியின் பதில் அதே சுவரில் வந்தது. கதிர்வீச்சே இல்லாத நிலை எந்த விதிப்படியும் சாத்தியமில்லை. எனவே சங்கத்தின் ஆட்சேபம் நிராகரிக்கப்படுகிறது. சந்தில் ஒருவர் நிரந்தரமாக நிற்பது குறித்த ஆட்சேபம் ஏற்கப்படுகிறது. சந்து நடைபாதையாக மட்டும் பயன்படுவது உறுதிசெய்யப்படும்.

கடைசி வரி புரிகிறதா? எனக்கும் உடனே புரியவில்லை. அடுத்த நாள் காலை மாநகராட்சி லாரி வந்தபோதுதான் புரிந்தது. ஆக்கிரமிப்பு என்று சொல்லி ரோசலியின் வண்டியை ஏற்றினார்கள். பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. அதைக் கொட்டிக்கொள்ள மட்டும் நேரம் கொடுத்தார்கள்.

தாரிணி போன் செய்தார். "நான் சுவரைத் தடிமனாக்கணும்னுதான் எழுதிக் கொடுத்தேன் சார். வண்டியை எடுக்கச் சொல்லல. இப்ப வரைபடத்துல தப்பே இல்லங்கிறாங்க..."

உண்மைதான். வரைபடத்தில் தப்பே இல்லை. சந்தைப் பார்த்து வரைபடத்தைத் திருத்துவது ஒரு வழி. வரைபடத்தைப் பார்த்துச் சந்தைத் திருத்துவது இன்னொரு வழி. இரண்டாவதற்கு ஈயத் தகடு தேவையில்லை.

எங்கள் சங்கம் என்ன செய்தது என்கிறீர்களா? பிரபாகர் லிஃப்டில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஜீரோ கிடைக்கல. ஆனா ஒரு ஆட்சேபமாவது ஜெயிச்சுதே சார்! சந்தும் கிளியர் ஆயிடுச்சு, பார்த்தீங்களா? ரெண்டு கார் நிக்கும்."

நிற்கின்றன. அந்தச் சுவரோரம் நாள் முழுக்க நிற்பவை இப்போது கார்கள்தான். கார்களுக்குக் கதிர்வீச்சு வரம்பு எதுவும் கிடையாது.

எதிர்ப்பு தோற்றால் வருத்தம் வரும், தெரியும். எதிர்ப்பு ஜெயித்து, அந்த வெற்றியின் கீழே ஒரு மனுஷி நசுங்கினால் என்ன வரும்? எத்தனையோ போராட்டங்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். இதற்கு ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ரோசலி இப்போது வீட்டுக்குள்ளேயே கரண்ட் பெட்டியில் தேய்க்கிறார், கிடைக்கிற கொஞ்சத் துணியை. மகள் இந்த வருடம் படிப்பைத் தொடர்வாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சென்ற வாரம் பஸ் ஸ்டாப்பில், அந்த ஆஸ்பத்திரியில் முன்பு வாட்ச்மேனாக இருந்தவரைச் சந்தித்தேன். பேச்சோடு பேச்சாக, "அந்த ரூமா? நோட்டீஸ் ஒட்டறதுக்கு ரொம்ப முன்னாடியே கழிவு போடற மஞ்சள் டிரம் உள்ள போச்சே சார்" என்றார்.

"காலி டிரம்மா?"

"மூடி போட்டிருந்துது. நான் திறந்தா பார்த்தேன்?"

மறுபடி தாரிணியைக் கேட்டேன். காலி என்றுதான் தன்னிடம் சொன்னார்கள் என்றார். அவர் வேலைக்குச் சேர்ந்தது அந்த டிரம்கள் உள்ளே போன பிறகுதான்.

விஷயம் ரோசலி காதுக்கும் போய்விட்டது. வாசலில் நின்று கேட்டார்: "நான் அங்க நின்ன வருஷமெல்லாம் உள்ள ஏதாச்சும் இருந்துதா சார்? தெரிஞ்சா சொல்லுங்க, நான் பயப்பட மாட்டேன்."

ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. அந்த டிரம்கள் காலியாக இருந்தனவா என்பதை, இந்தப் பத்தி அச்சுக்குப் போகும்வரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.