எர்ணாவூருக்குச் சூடான காற்றைத் தேடி

சனிக்கிழமை காலை 6.10. ராயபுரம் ரயில் நிலையத்தில் ஆளுக்கு ஐந்து ரூபாய் கொடுத்துத் திருவொற்றியூருக்குச் சீட்டு எடுத்தோம், நானும் மகள் ரீட்டாவும். வழக்கமாக இந்தத் தூரத்தைக் காரில் கடப்போம். கார் இப்போது எர்ணாவூர்ப் பட்டறை ஒன்றில் கிடந்தது.

முந்தின நாள் மாலை எண்ணூர் விரைவுச்சாலையில் ரீட்டா ஓட்டிக்கொண்டிருந்தாள். பானட்டிலிருந்து ஆவி கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது, எஞ்சின் அடங்கியது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரி பிரேக் அடித்து நின்றபோது, அதன் முகப்பைத் தவிர எங்கள் பின்கண்ணாடியில் வேறொன்றும் தெரியவில்லை. லாரிக்காரர்கள்தான் காரைத் தள்ளிப் பட்டறையில் விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ரீட்டா குன்னூரில் வேலையில் சேர வேண்டும். திங்கள் காலை காரை எடுத்துப் போவதாக இருந்தாள்.

ரயிலில் உட்கார்ந்ததும், "வண்டி வேணாம். பஸ்ல போ" என்றேன்.

"ரெண்டு வாரமா சொல்லிகினு கீறேன் மம்மி. கீழ ஈரமா கீது, ஹீட்டர் போட்டா சும்மா காத்துதான் வருதுன்னு. நீ கேட்டியா?"

கேட்டேன். ஈரத்துக்கு "ஏசி தண்ணிடி" என்றும், ஹீட்டருக்கு "ராயபுரத்துல எவளுக்குடி ஹீட்டரு?" என்றும் பதில் சொல்லியிருந்தேன்.

6.45. திருவொற்றியூரிலிருந்து ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது ரூபாய். துறைமுகம் நோக்கிக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. மணலி ஆலைகளின் பக்கமிருந்து காற்று வீசியதும் ஆட்டோவில் எல்லோர் கையும் மூக்குக்குப் போனது.

7.10. பட்டறை. மெக்கானிக் அன்வர் பாய்க்கு என் வயது இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாம் என்பதால் காலையிலேயே வரச் சொல்லியிருந்தார். ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து இரவு முழுக்கக் காருக்கடியில் விரித்து வைத்திருந்தார். அதை வெளியே இழுத்தார்.

"இத்தான் யக்கா உன் வண்டியோட ஜாதகம்."

நடுவில் கறுப்பாக ஒரு சிறு பொட்டு. "இது ஆயிலு. பழைய வண்டிக்கு வேர்வை மாதிரி. பேஜாராவாத." முன்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை, அதன் விளிம்பில் வெள்ளை பூத்திருந்தது. ஏசி தண்ணியோ என்று கேட்டேன். "ராத்திரி ஏசியே ஓடல. ஓடினாலும் ஏசி தண்ணி இப்டிக் கறை வுடாது."

மூடியைத் திறந்தார். உள்ளே தேநீர் நிறத்தில் தண்ணீர்.

"இன்னா தண்ணி ஊத்துன?"

"எங்க வூட்டு போர் தண்ணி."

எங்கள் போர் தண்ணீரில் துணி துவைத்தால் நுரை வராது. வாயில் வைக்க முடியாத அந்த உப்பு நீரைத்தான், ஒவ்வொரு ஞாயிறும் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஒரு பாட்டில் ஊற்றி, காரைக் கவனித்துக்கொள்கிறேன் என்று நிம்மதியாக இருந்தேன். வாராவாரம் குறைகிற தண்ணீர் எங்கே போகிறது என்று எந்த ஞாயிறும் யோசித்ததில்லை. ஹீட்டரும் சுடவில்லை என்று ரீட்டா பாயிடம் சொன்னாள்.

"ரெண்டும் ஒரே நோவு" என்றார் பாய். எஞ்சினின் சுடுதண்ணீர் டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டருக்குள் போய்வந்தால்தான் ஹீட்டர் சுடும். உப்பு அரித்த ஹோஸ் குழாய் வழியே தண்ணீர் ஒழுக, அங்கே காற்று புகுந்துவிட்டது; மிச்ச இடத்தைத் துரு அடைத்துவிட்டது. "ஹீட்டரு சுடலன்னப்பவே வண்டி சொல்லிச்சு. மெட்ராஸ்ல எவன் அதப் போட்டுப் பாக்குறான்?"

பகல் 12.30. துருவைக் கழுவி, ஹோஸை மாற்றி, தண்ணீருக்குப் பதில் கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழ் அடங்கும்வரை எஞ்சினை ஓடவிட்டார். பிறகு எங்களை உள்ளே உட்காரவைத்துக் கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரை முழுதாகத் திருப்பச் சொன்னார். வெயிலில் நாங்கள் வியர்த்து வழிவதைப் பார்த்து ஒரு லாரிக்காரர் நின்றார்.

"இன்னா பாய், பொம்பளைங்கள இட்லி மாதிரி வேக வக்கிற?"

"குன்னூருக்குப் பார்சல் மாமு!"

காற்று வரும் துவாரத்தில் கை வைத்தேன். சுட்டது. எடுக்காமல் வைத்திருந்தேன்.

"மலை ஏறலாமா பாய்?"

"நாளைக்குப் பூரா ஓட்டிப் பாரு. இதே மாதிரி அட்டை போடு. முன்பக்கம் காஞ்சி கீதுன்னா ஏறலாம்." பிறகு ரீட்டாவிடம், "சூடு காட்டுற முள்ளு ஏறிச்சுன்னா ஏசிய அணைச்சு ஹீட்டரத் தொறந்துவுட்டு ஓரங்கட்டு. மூடியில மட்டும் கை வக்காத" என்றார். 4,200 ரூபாய் ஆனது.

ஞாயிறு, பூசை முடிந்ததும் பாட்டிலை எடுக்கவில்லை. ரீட்டா ஓட்ட, எண்ணூர் முகத்துவாரக்குப்பம்வரை போய்வந்தோம். அப்புறம் இன்னும் இரண்டு முறை. லாரி வந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டேன்.

திங்கள் காலை 5 மணி. குனிந்து அட்டையை இழுத்தேன். நடுவில் அதே கறுப்புப் பொட்டு. முன்பக்கம் விரலால் தடவினேன், மூன்று தடவை. காய்ந்திருந்தது. ரீட்டா என் முகத்தையே பார்த்து நின்றாள். சாவியைக் கொடுத்தேன்.

குன்னூரில் காலையில் ஹீட்டர் சுடாவிட்டால் அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும். எங்கள் ஊரில் அதைச் சொல்ல ஒரு பிள்ளை இருந்தாள், கேட்கத்தான் ஆளில்லை.

மாலையில் போனில் பேசினாள். "வந்துட்டேன் மம்மி. ஹீட்டர்ல கை வக்க முடியல, அவ்ளோ சூடு."

ராயபுரத்தில் மின்விசிறிக்கடியில் வியர்த்தபடி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.