கை அழுக்காகாதவனுக்குச் சோப்பில்லை

அந்தச் சோப்பின் வாசனை இன்னும் என்னைச் சும்மா விடுவதில்லை. வாசனை என்று சொல்வதே அதற்குக் கொடுக்கிற அதிகப்படி மரியாதை. ஆஸ்பத்திரி வராந்தாவை நனைத்துப் பிழிந்து வெயிலில் காயப்போட்டால் என்ன மணக்குமோ, அது. செங்கல்லைப் போலச் சிவப்பு, செங்கல்லைப் போலவே கனம். மேலே காகித உறை இல்லை, உறையில் சிரிக்கிற பெண் இல்லை, பெயர்கூட இல்லை. ஓசூர் தொழிற்பேட்டையைச் சுற்றி வாடகைக்குக் குடியிருக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: கம்பெனி சோப்பு.

மாதம் பிறந்ததும் கம்பெனி ஸ்டோர்ஸ் ஜன்னலில் வரிசை நிற்கும். எண்ணெயிலும் கிரீஸிலும் கை வைக்கிறவர்களுக்கு ஆளுக்கு இரண்டு சோப்பு, கை துடைக்க ஒரு கட்டு வேஸ்ட் துணி. கை அழுக்காகிறவனுக்குச் சோப்பு, ஆகாதவனுக்குக் கிடையாது. நானும் அந்த வரிசையில் நின்றவன்தான். எனக்கு முன்னால் அவன் நிற்பான். ராயக்கோட்டைப் பக்கத்து ஆள். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், என்னிடம் தமிழ். நான் ஊத்தங்கரையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறி வந்தவன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே கிரைண்டிங் மெஷினில் பழகினோம், பிறகு ஒரே காம்பவுண்டில் அடுத்தடுத்த வீட்டில் குடியேறினோம். அவன் என்னை மச்சான் என்றான், நான் அவனை மச்சான் என்றேன். அந்தக் கணக்கில் என் மனைவிக்கு அவன் அண்ணன் ஆனான், என் மகளுக்கு மாமன் ஆனான். எண்ணெயில் பிறந்த உறவு.

ஒருநாள் மேலே பிளானிங் ஆபீசுக்கு ஆள் வேண்டும் என்று என்னைத் தூக்கிக்கொண்டார்கள். ஸ்டாஃப் ஆனேன். நாற்காலி வந்தது, ஃபேன் வந்தது, சோப்பு நின்றது. அப்போது அது போனதாகவே தோன்றவில்லை. கொஞ்ச நாளில் என் நகங்கள் வெளுத்தன. உள்ளங்கை ரேகைகளில் வருடக்கணக்காகக் குடியிருந்த கறுப்பு, சத்தமில்லாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது. மனைவி என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "அப்பாடி, எண்ண நாத்தம் தொலைஞ்சுது" என்றாள். கடையில் பூ வாசனைச் சோப்பு வாங்க ஆரம்பித்தோம். அவன் மட்டும் அன்றிலிருந்து என்னைச் சார் என்றான். முதலில் கிண்டலுக்கு. கிண்டல் ஆறிப்போன பிறகும் அந்தச் சார் ஆறாமல் நின்றுவிட்டது.

பிறகு அந்த நோய்க் காலம் வந்தது. டிவியில் கை கழுவச் சொன்னார்கள். ஊர் கையைக் கழுவுவதற்கு முன்னால் கடைகளைக் கழுவித் துடைத்தது. அரிசி மூட்டைகள் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் குழந்தைகளைப் போல உட்கார்ந்து போயின. வாழ்நாளில் டெட்டால் வாங்காதவன் டெட்டால் இல்லையா என்று சண்டை போட்டான். பெங்களூரில் காலி என்று அங்கிருந்து கார்கள் இங்கே வந்தன. இங்கே காலி என்று நாங்கள் எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்கு ஓடினோம். எல்லைச் சோதனைச்சாவடியில் எதிரெதிராக நின்று ஒருவர் பையை ஒருவர் எட்டிப் பார்த்தோம். யாருடைய பையில் கை கழுவுகிற பாட்டில் நீட்டிக்கொண்டிருந்ததோ, அவன்மேல் எல்லாருடைய கண்ணும் ஈயைப் போல உட்கார்ந்தது. என்னுடையதும்தான். பொறாமைக்கு முகக்கவசம் போட முடியாது என்று அன்று கண்டுகொண்டேன். அது கண் வழியாகத்தான் மூச்சு விடுகிறது.

என் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. ஓசூர்ப் பனி கொஞ்சம் இறங்கினாலும் அவள் நெஞ்சுக்குள் ஒரு பூனைக்குட்டி கத்த ஆரம்பிக்கும். மூச்சைப் பிடிக்கிற நோய் என்று சொன்னதும் மனைவியின் கண்ணில் ஒரு பயம் வந்து உட்கார்ந்தது. அந்தப் பயத்தை எழுப்பி அனுப்புகிறவன் நானாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் அது ஒன்றுதான். என் வீட்டை நான் காப்பாற்றினேன் என்று அவள் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

"ஏங்க, ஊட்டுல இருக்கறது இந்த ஒத்தச் சோப்புதான். அதுவும் தேஞ்சு எலையாட்டம் கெடக்குது. எங்கனாச்சும் போய் வாங்கியாங்க."

"வாங்கியாரன். இது ஒரு பெரிய விஷயமா?"

பெரிய விஷயமாகத்தான் இருந்தது. பாகலூர் ரோடு முழுக்க ஏறி இறங்கினேன். ஒரு மளிகைக் கடைக்காரர் நான் வண்டியை நிறுத்துவதற்குள் கன்னடத்தில் கையை விரித்தார்.

"எல்லா காலி சார். நாளெ பன்னி."

"நாளைக்கு வந்தா நிச்சயமா கெடைக்குமா?"

"நாளைக்கு நானே வருவனோ மாட்டனோ சார்" என்று கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாறிச் சிரித்தார். சிரிப்பு அவருடைய கர்ச்சீப்புக்குள்ளேயே நின்றது.

திரும்பும் வழியில் பாதி ஷட்டர் இறக்கிய ஹார்டுவேர் கடை ஒன்று. நட்டு போல்ட்டு, பெயிண்ட், கயிறு. அவற்றுக்கு நடுவே, அட, பழைய நண்பன்: பச்சை நிறப் பேஸ்ட், டப்பா டப்பாவாக. மெஷினில் வேலை செய்கிறவர்கள் கிரீஸ் போகக் கை கழுவுகிற பேஸ்ட். ஊரே சோப்புக்கு அலைய, இது இங்கே கேட்பாரில்லாமல் உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரிந்திருந்தது, மற்றவனுக்குத் தெரியவில்லை. கைக்கு எட்டியவரை அள்ளிக்கொண்டேன். அந்த மாலை பைக்கில் வந்தபோது என்னைப் போல் ஒரு ராஜா தொழிற்பேட்டைச் சாலையில் போனதில்லை.

மனைவி விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். "என்னங்க இது, மண்ணாட்டம் நரநரங்குது?"

"கிரீஸே போவுது இதுல. வைரஸ் போவாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் காத்திருந்த பார்வை. இரண்டு மூன்று நாள் அது என் வீட்டில் குடியிருந்தது.

காம்பவுண்டில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து வாசலில் ஒரே குழாய். அங்கேதான் எல்லாரும் கை கழுவினோம். காய்கறி வண்டியைத் தொட்டால் கழுவு, கேட்டைத் தொட்டால் கழுவு, சும்மா இருந்தாலும் கழுவு. ஒரு காலை குழாயடியில் மகள் விசும்பும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். எனக்கு முன்னால் அவன் வந்திருந்தான்.

"ஏன் கண்ணு அழுவற?"

"கை எரியுது மாமா."

அவள் விரித்துக் காட்டிய கை, உரித்த மாதுளை போலச் சிவந்திருந்தது. விரல் இடுக்குகளில் தோல் வெடித்திருந்தது. அவன் குழாய் மேலிருந்த டப்பாவை எடுத்தான், மூடியைத் திறந்து முகர்ந்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"தங்கச்சி! இத யாரும்மா வாங்கியாந்தது?"

வாசற்படியில் நின்ற மனைவி திரும்பினாள். என்னைப் பார்த்தாள். இது வேறு பார்வை.

"சாரா! சார், இது கிரீஸ உரிக்கறதுக்கு. நீங்க புள்ளைய உரிச்சிட்டீங்க. நாற்காலியில குந்துனதும் எல்லாம் மறந்துபோச்சா?"

மறக்கவில்லை, ஞாபகம்தான் காலை வாரிவிட்டது. மெஷினில் நின்ற நாட்களில் என் உள்ளங்கை லாரி டயர். அந்தக் கையின் ஞாபகத்தில் இந்தப் பேஸ்ட்டை வாங்கிவிட்டேன். இப்போது என் கையும்தான் எரிந்துகொண்டிருந்தது. எல்லாரும் எழுந்திருக்கும் முன்பே குழாயடிக்குப் போய், யாருக்கும் தெரியாமல் கையை உதறிக்கொண்டிருந்தேன்.

அவன் வீட்டுக்குள் போனான். சமையலறை ஸ்லாப் மேலிருந்து அரிசிச் சாக்கு ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் சாய்த்தான். செங்கல் செங்கலாகச் சரிந்தன கம்பெனி சோப்புகள். பழையவை வெளுத்து, புதியவை ரத்தச் சிவப்பாக. காம்பவுண்டே அந்த ஆஸ்பத்திரி வாசனையில் முங்கியது.

"அண்ணா!" என்றாள் என் மனைவி. அந்த அண்ணாவில் இருந்த ஏற்றத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "எவ்ளோ வெச்சிருக்கீங்க!"

"ஒங்கண்ணி சேத்தது. ஊருக்குப் போனா சொந்தக்காரங்களுக்கு ஆளுக்கு ரெண்டு குடுப்பா. இந்த வருசம் எந்த ஊருக்குப் போறது? எடுத்துக்க தங்கச்சி. புள்ள கைக்கு மொதல்ல தேங்காண்ணெ தடவு."

மெல்லிய கம்பியால் சோப்பைக் கேக் வெட்டுவது போல வெட்டி எல்லா வீட்டுக்கும் கொடுத்தான். ஒரு முழுச் சோப்பை வெங்காயம் வருகிற வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டான். மெஷின் ஷாப் குழாயில் அப்படித்தான் தொங்கும், தண்ணீரில் ஊறிக் கரையாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "தீந்துபோச்சுன்னா கேளுங்க, கூச்சப்படாதீங்க" என்று அவன் சொன்னபோது, தேர்தலில் ஜெயித்தவன் நன்றி சொல்லிப் போவது போலிருந்தது. அதில் அவனுக்கு இருந்த சந்தோஷத்தை அவன் மறைக்கவே இல்லை. அதுதான் என்னைத் தின்றது. கொஞ்சம் அடக்கமாக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அதன் பிறகு என் வீட்டில் அவன் வாசனை. மகளின் கன்னத்தில் முத்தமிடக் குனிந்தால், அவன். மனைவி நீட்டும் காபி டம்ளரின் விளிம்பில், அவன். துவைத்து மடித்த என் லுங்கியில்கூட. அவள் ரசம் வைத்தால் ஒரு கிண்ணம் அண்ணன் வீட்டுக்கு. நான் வாங்கிவந்த பச்சை டப்பாக்கள் பைக் செயின் துடைக்கப் போய்விட்டன. என் வெள்ளை நகங்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். எத்தனை கர்வப்பட்டிருந்தேன் இவற்றைப் பார்த்து! ஊரே கையைச் சுத்தமாக்கப் பாடுபடுகிறபோது, சுத்தமான என் கையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவன் கறுத்த கை மாதாமாதம் சம்பாதித்துச் சேர்த்தது என் குழந்தையின் நெஞ்சைக் காவல் காத்தது. அவனுடைய கறுப்பு எனக்கு வேண்டும் போலிருந்தது. அவனுடைய நக இடுக்கு வேண்டும், உள்ளங்கைத் தழும்பு வேண்டும், வாசலில் சரிந்த அந்தச் சாக்கு வேண்டும்.

அந்தச் சோப்பை நான் தொடவில்லை. துணி துவைக்கிற பவுடரைப் பொட்டலம் கட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதில் கழுவினேன். மனைவி கண்டுபிடித்துவிட்டாள்.

"யாரு மேல ரோசம்? அண்ணன் மேலயா, வைரஸ் மேலயா?"

"எனக்கு அந்த நாத்தம் புடிக்கல."

"நீங்க அந்த நாத்தத்தோடதான என்னப் பொண்ணு பாக்க வந்தீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கம்பெனி மறுபடி திறந்தது. கேட்டில் நெற்றிக்குத் துப்பாக்கி காட்டிச் சூடு பார்த்தார்கள். நோட்டீஸ் போர்டில் புதுச் சட்டம்: இனி ஆபீஸ் ஆட்களுக்கும் மாதாமாதம் சோப்பு. படித்ததும் என் உடம்பில் ஓடிய குளிர்ச்சியை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. சாப்பாட்டு மணி அடித்ததும் ஆபீசிலிருந்து முதல் ஆளாக இறங்கினேன். தரையில் இடைவெளி விட்டு வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வட்டத்துக்குள் போய் நின்றேன். எனக்கு முன் வட்டத்தில், எப்போதும் போல, அவன்.

திரும்பிப் பார்த்தான். முகக்கவசத்துக்கு மேலே கண் சுருங்கியது.

"வழி விடுங்கப்பா, சாருக்குக் கை அழுக்காயிடுச்சாம்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. சோப்பை வாங்கிக்கொண்டு நான் நகரும்போது பக்கத்தில் வந்து சொன்னான்:

"பேப்பரத் தள்ளிக்கினே சோப்பு வாங்கிட்ட மச்சான். பொழச்சுக்குவ போ."

மச்சான். எத்தனை வருடத்துக்குப் பிறகு! அதற்கு மகிழ்வதா, அந்தச் சிரிப்புக்கு எரிவதா என்று தெரியாமல், இரண்டு சோப்பையும் ஹெல்மெட்டுக்குள் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

மனைவியிடம் நீட்டினேன். "நம்ம சோப்பு" என்றேன். நம்ம என்பதை அழுத்தித்தான் சொன்னேன். ஸ்டோர்ஸ் ஜன்னலில் நடந்ததையும் சொல்ல, மச்சான் என்ற இடத்தில் அவள் சிரித்தாள். சிரித்த சிரிப்பு மதில் தாண்டி அவனுக்குத்தான் போனது. பிறகு சோப்பை வாங்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள். பின்னாலேயே போனேன். வலைப்பையில் அவனுடைய சோப்பு தேய்ந்து தேய்ந்து வெற்றிலைக் கனத்துக்கு வந்திருந்தது. மகளின் கை ஆறி, மறுபடி ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது அந்தத் தேய்மானத்தில்தான்.

எங்கள் வீட்டில் எந்தச் சோப்பையும் தூக்கி எறிகிற வழக்கமில்லை. மனைவி அந்த வில்லையை ஈரத்தோடு எடுத்து, என் புதுச் சோப்பின் முதுகில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். ஒரே அச்சு, ஒரே சிவப்பு. ஓரத்தை நீவிவிட்டதும் எது எது என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. மேலே இருப்பவன் அவன்.

"இப்பவாச்சும் கழுவுங்க" என்றாள்.

கையை நீட்டினேன். அவன் முழுக்கக் கரைந்தால்தான் அடியிலிருக்கிற என் சோப்பு என் மகளின் கைக்கு வந்து சேரும். தேய்த்தேன். நுரை சிவப்பாக வந்து வெள்ளையாக ஓடியது. இன்னும் தேய்த்தேன். பழைய எண்ணெய் நாட்களின் மணம் முகத்தில் அடித்தது, விடவில்லை, வேகமாகத் தேய்த்தேன். உள்ளே போய்விட்டிருந்த மனைவி ஜன்னல் வழியாகக் கத்தினாள்:

"போதுங்க! சோப்பத் தேய்ச்சே தீத்துடுவீங்க போல!"