நான் விட்ட எம்.எஸ். சீட்டும் அப்பாவின் ஹெர்னியாவும்

எண்பதுகளின் கடைசியில் என் அப்பாவுக்கு இரண்டு சொத்துகள் இருந்தன. ஒன்று, எம்.பி.பி.எஸ். முடித்த நான். இன்னொன்று, வலது தொடையிடுக்கில் குடல் பிதுங்கி எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்த ஹெர்னியா. எது அதிகத் தொந்தரவு என்று அப்போது கேட்டிருந்தால் ஹெர்னியா என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் அவருக்கு லேத்தில் இரும்பு கடையும் டர்னர் வேலை. ஆபரேஷனுக்கு வசதியும் இருந்தது, லீவும் இருந்தது. அப்பா மறுத்துவிட்டார். இடுப்பில் ஹெர்னியா பெல்ட்டை இறுக்கிக்கொண்டு லேத்தின் முன் நின்றார். குவார்ட்டர்ஸில் யாராவது கேட்டால், "எம் பையன் சர்ஜன் ஆகட்டும், அவன் கத்தி எடுத்தா நான் படுக்கிறேன். வேற எவன்கிட்டயும் வேட்டிய அவுக்கறதா இல்ல" என்பார். சொந்த அப்பாவின் வயிற்றில் எந்த சர்ஜனும் கத்தி வைக்க மாட்டான் என்று நான் சொல்லவில்லை. அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார், எனக்கும் அது பிடித்திருந்தது.

மேற்படிப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே கரையான்சாவடி மெயின் ரோட்டில், முட்டைக் கடைக்குப் பக்கத்து அறையில் கிளினிக் போட்டேன். தற்காலிகம்தான். போர்டு எழுதியவர் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு ஒரு முழம் இடம் விட்டிருந்தார். "அடுத்த படிப்புக்கு சார். எல்லா டாக்டரும் உடச் சொல்வாங்க" என்றார்.

அந்த வட்டாரத்தில் ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை. ஜலதோஷத்துக்கு ஊசி தேவையில்லை என்று முதல் வாரம் முழுக்கப் பாடம் நடத்தினேன். "காலேஜுல இன்னும் ஊசி சொல்லித் தரலியா கண்ணு?" என்று ஒரு அம்மா அக்கறையோடு கேட்டார். இரண்டாம் வாரத்திலிருந்து எல்லோருக்கும் பி காம்ப்ளெக்ஸ் வைட்டமின் ஊசி போட்டேன். மூன்றாம் நாள் தானாக இறங்க வேண்டிய காய்ச்சல் தானாக இறங்கியது. பேர் எனக்கு வந்தது. கைராசி டாக்டர். கைராசி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆனால் அது வந்துவிட்டால் பெஞ்சில் உட்கார இடமிருக்காது.

இரண்டாவது முயற்சியில் எம்.எஸ். சீட், அதாவது சர்ஜன் ஆகிற படிப்பு, கிடைத்தது. தெற்கே ஒரு கல்லூரி. பத்து நாளுக்குள் சேர வேண்டும். அப்பா குவார்ட்டர்ஸில் வீடு வீடாக லட்டு கொடுத்தார். நான் கிளினிக்கை மூடப்போகிறேன் என்று முட்டைக் கடைக்காரரிடம் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் அவர் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா நைனா, பூட்றியாமே?"

"படிக்கத்தான் அண்ணாத்தே. மூணு வருஷம்."

"இன்னும் இன்னாபா படிப்பு? வயித்தக் கீறுறவனுங்க பட்டணத்துல ஆயிரம் பேரு கீறானுங்க. உன் கை பட்டாத்தான் எம் பொண்ணுக்கு ஜொரம் நிக்குது. அந்த ராசி வேற எவனுக்குக் கீது, சொல்லு?"

பின்னாலிருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கவிழ்ந்தேன்.

பயிற்சி வருஷத்தில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஆபரேஷன் தியேட்டரில் என் வேலை, வெட்டிய வயிறு மூடிக்கொள்ளாமல் ஒரு கொக்கியை மணிக்கணக்கில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது. "தூங்கறியா?" என்று சீஃப் முழங்கையால் இடிப்பார். அங்கே போனால் இன்னும் மூன்று வருஷம் அந்தக் கொக்கி. இங்கே நான் உள்ளே நுழைந்தால் பெஞ்சே எழுந்து நிற்கிறது. முடிவுக்கு மக்கள் சேவை என்று பேர் வைத்தேன். நல்ல பேர், யாராலும் எதிர்த்துப் பேச முடியாது. கொஞ்ச காலம் நானே நம்பினேன்.

அப்பாவிடம் பதினோராம் நாள்தான் சொன்னேன். வேலையிலிருந்து வந்து பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப இத யாரு பண்றது?"

"நல்ல சர்ஜனா பாக்கறேன்பா."

"பாரு" என்றார். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் ஒவ்வொரு சர்ஜன் பேராகச் சொல்வேன். அவர் பேப்பரைத் திருப்புவார். ஒரு கட்டத்தில் நானும் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முட்டைக் கடைக்காரருக்குப் பித்தப்பையில் கல். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பட்டணம் போய் எடுத்துக்கொண்டு வந்தார். "கோச்சிக்காத நைனா. உள்ளாற கீற மேட்டராச்சே, அதான் பெரிய டாக்டரா பாத்துட்டேன். நீ ஊசிக்குத்தான்." பூந்தமல்லியில் ஒரு குழந்தை டாக்டர் வந்தார். கைராசி பஸ் ஏறி அங்கே போய்விட்டது.

அடுத்த வருஷம் ஒரு காலை, லேத்தின் முன்னாலேயே அப்பாவின் ஹெர்னியா சிக்கிக்கொண்டது. குடல் உள்ளே திரும்பவில்லை. வாந்தியோடு சுருண்டு விழுந்தவரைக் கூட வேலை செய்தவர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். தகவல் வந்தபோது நான் ஒருவருக்குப் பி காம்ப்ளெக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். போய்ச் சேர்வதற்குள், முகம் தெரியாத ஒரு சர்ஜன் அப்பாவின் குடலில் அரை அடியை வெட்டி எடுத்துவிட்டிருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் என்றால் அரை மணி நேர வேலை.

பிழைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் கஞ்சி கொண்டுபோனேன். நர்ஸ் கட்டை மாற்றிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"இத்தன வருஷம் ஏன் பெரியவரே இத வெச்சிட்டிருந்தீங்க? பையன் இருக்காரே, என்ன பண்றாரு?"

அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

"கரையான்சாவடில கடை வெச்சிருக்கான்மா."

"என்ன கடை சார்?" என்று நர்ஸ் என்னைக் கேட்டார்.

கஞ்சியை டம்ளரில் ஊற்றிக்கொண்டே, "மருந்துக் கடை" என்றேன். அப்பா டம்ளருக்குக் கை நீட்டினார்.